லெப்ட்ல என்ன தெரியுது?

மசூது: ...அதுக்கில்ல தம்பி, பலவேசம் ஷெட்டு வாசல்லதான் நிக்கான். அவனையும் ஏத்திக்கிடுவமே. பின்னால ஒரு மூலையில உக்காந்து வரட்டும்.

வல்லிநாயகம்: கண்டக்டர் இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. வண்டியில ஒங்களையும் என்னையும் தவிர யாரும் இருக்கக் கூடாது.

மசூது: யாரு போட்ட சட்டம் வே அது?

வல்லிநாயகம்: மெட்ராஸ்ல எனக்கு மூணு மாசம் சொல்லிக் குடுத்தவங்க போட்டது. முதலாளியும் சரின்னுட்டாரு.

மசூது: இருவத்திரண்டு வருசமா பஸ் ஓட்டுதேன். ஒலகச் சண்ட நடந்த காலத்துல பெட்ரோல் கெடைக்காம, பின்னால கரி அடுப்ப எரிய வச்சி ஓட்டுனமே, அந்தக் கரி பஸ்ஸையே ஓட்டுனவன் நான். அப்ப நீரு டவுசரப் போட்டுக்கிட்டு ரோட்டோரம் நின்னு டாட்டா காட்டியிருப்பீரு.

வல்லிநாயகம்: காட்டியிருக்கேன். ஒங்க வண்டிக்கே காட்டியிருக்கேன்.

மசூது: இப்ப என்னடான்னா நீரு எனக்கு வாத்தியாரு.

வல்லிநாயகம்: ஒரு நாளு சோதனதான அண்ணாச்சி. எல்லா டிரைவருக்கும் உண்டு. நேத்து தங்கசாமி அண்ணாச்சி வந்துட்டுப் போனாரு.

மசூது: அவனுக்கு என்ன எழுதுனீரு?

வல்லிநாயகம்: ஓட்டலாம்னு எழுதுனேன்.

மசூது: முந்தாநாளு வந்த டிரைவர் கடற்கரைக்கு?

வல்லிநாயகம்: ...அவருக்குக் கை நடுங்குது அண்ணாச்சி.

மசூது: பதினெட்டு வருசம் ஓட்டுனவன் வே. இப்ப ஷெட்டுல வாளியத் தூக்கிட்டுத் திரியுதான், வண்டி கழுவ. காலைல எதுக்க வந்தான். தல நிமிரவே மாட்டேங்கான். நான் கூப்பிட்டேன், காதுல விழாத மாதிரிப் போயிட்டான்.

வல்லிநாயகம்: ஏறுங்க அண்ணாச்சி. நேரம் ஆகுது.

மசூது: பிஸ்மில்லா... ஆமா, அது என்ன, இடது கையத் துணியில கட்டித் தொங்கப் போட்டிருக்கீரு?

வல்லிநாயகம்: போன வாரம் கெணத்துப்படியில வழுக்கிட்டேன்.

மசூது: எலும்புல ஒண்ணும்...

வல்லிநாயகம்: மணிக்கட்டு விண்டு போச்சு. ஒரு மாசம் ஆட்டக் கூடாதாம்.

மசூது: மழக்காலத்துல பாத்துக் கால வைக்கப்படாதா? சின்னப் புள்ளையா நீரு.

வல்லிநாயகம்: ...வண்டிய எடுங்க. இனிமே பேசுறது நீங்கதான். கண்ணுல படுறத எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே ஓட்டணும். என்ன தெரியுது, அதுக்கு நீங்க என்ன செய்யப் போறீங்க. அவ்வளவுதான்.

மசூது: நான் என்ன குடுகுடுப்பைக்காரனா, போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போறதுக்கு?

வல்லிநாயகம்: கண்ணு பாத்தத வாய் சொல்லணும். வாய் சொல்லலன்னா கண்ணு பாக்கலன்னு அர்த்தம். மெட்ராஸ்ல எங்களையும் இப்படித்தான் ஓட்டவிட்டாங்க.

மசூது: ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும்லா?

வல்லிநாயகம்: போதும்.

மசூது: சரி... வாசலத் தாண்டுதேன். ரைட்ல ஒரு ஜட்கா வருது, குதிர மெரளாம வருது. எதுக்க யாரும் இல்ல. ரைட்ல டீக்கட, வாசல்ல நாலு பேரு நிக்கானுவ. ஒருத்தன் என்னப் பாத்துச் சிரிக்கான். அதையும் சொல்லணுமா?

வல்லிநாயகம்: சொல்லுங்க.

மசூது: சிரிக்கதுல பல்லு ரெண்டு இல்ல. போதுமா?

வல்லிநாயகம்: போதும், போதும். லெப்ட்ல?

மசூது: லெப்ட்ல... கட.

வல்லிநாயகம்: என்ன கட?

மசூது: ஜவுளிக் கடதான். அப்துல் மஜீது கட. எம் மச்சான் கடைய எனக்குத் தெரியாதா?

வல்லிநாயகம்: வாசல்ல யாரு நிக்கா?

மசூது: ...தாண்டியாச்சே வே.

வல்லிநாயகம்: சரி, போங்க. கழுத்து வலியா அண்ணாச்சி? இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கீங்க.

மசூது: சாரல் காத்துல புடிச்சிக்கிட்டு. எம் பொஞ்சாதி ஹைருன் பீவி தைலம் தேச்சிவிட்டா. சரியாகல. பாலம் வருது. ஒரு மாட்டு வண்டி எதுக்க ஏறுது. நான் நிக்கேன். அவன் போவட்டும்.

வல்லிநாயகம்: நல்லா செஞ்சீங்க. ரைட்ல ஒரு கொற இல்லாம சொல்லுதீங்க. லெப்ட்டுன்னா மட்டும் வாய் வர மாட்டேங்கி.

மசூது: லெப்ட்டு கண்டக்டர் பாக்கதுல்லா? அது எங்க வழக்கம். ரைட் எனக்கு, லெப்ட் பலவேசத்துக்கு. படியில நின்னுக்கிட்டு அவன் ஆளுங்கான், சைக்கிளுங்கான், போகலாம் ரைட்டுங்கான். நான் பாட்டுக்குப் போவேன். அதுக்குத்தான் அவன ஏத்தச் சொன்னேன், நீரு கேக்கல.

வல்லிநாயகம்: பலவேசம் பின்னால டிக்கெட்டு கிழிச்சிட்டு இருந்தா?

மசூது: அப்பம் நான் பாத்துக்கிடுவேன். நீரு என்ன வே, வக்கீலு மாதிரி...

வல்லிநாயகம்: வளைவு வருது.

மசூது: தெரியுது. இலஞ்சிக்கு முந்துன வளைவு. ரைட்ல வாய்க்கா, தண்ணி நெறயப் போவுது. கைப்புடிச் சொவர் இல்ல. ரோடு ஈரம். கியர எறக்குதேன்... அந்தக் கம்பிய ஏன் அப்படிப் புடிச்சிருக்கீரு? வெரலு வெளுத்துப் போச்சி. வாத்தியாருக்கே பயமா?

வல்லிநாயகம்: நிறுத்துங்க... இல்ல, வேண்டாம். போங்க.

மசூது: என்ன வே, வேர்க்குது ஒமக்கு. இந்தச் சாரல்ல.

வல்லிநாயகம்: போங்க அண்ணாச்சி.

மசூது: நீரு இலஞ்சிதான? தெனம் இந்த வழிதான வந்து போறீரு?

வல்லிநாயகம்: ஆமா, கை நல்லா இருந்த வரைக்கும் சைக்கிள்ல. இப்ப நீங்க ரோட்டச் சொல்லுங்க.

மசூது: எதுக்க லாரி. மரம் ஏத்திட்டு வருது, நடு ரோட்டுலயே வருதான் செத்த பய. நான் வெலகுதேன். லெப்ட்ல அந்தப் பெரிய வாகமரம், அதுக்கும் நமக்கும் மூணடி இருக்கும். லாரி போயிட்டு. வாகமரத்தையும் தாண்டியாச்சி. இப்ப லெப்ட்டும் சொல்லிட்டேன், சந்தோசமா?

வல்லிநாயகம்: வாகமரம் நின்னுச்சா?

மசூது: நிக்காம? எங்க வாப்பா காலத்துலேருந்து நிக்கி. அது நெழல்லதான ஸ்டாப்பிங்கே.

வல்லிநாயகம்: நேத்து நீங்க ரெஸ்ட்டுல்லா அண்ணாச்சி?

மசூது: ஆமா. வீட்டுலதான் கெடந்தேன். ஏன்?

வல்லிநாயகம்: நேத்து மத்தியானம் அடிச்ச காத்துல அது வேரோட சாஞ்சிட்டு. வயலுக்குள்ள நீட்டிக் கெடக்கு.

மசூது: வாய்ப் பழக்கம் தம்பி. இருவது வருசமாப் பாத்த மரம்... வாய் தானாச் சொல்லிட்டு. லாரிய கவனிச்சேன்லா, அதுல...

வல்லிநாயகம்: சரி.

மசூது: சரின்னா? அந்த நோட்டுல ஏதும் எழுதிராதேயும். ஒரு மரத்துக்காவ.

வல்லிநாயகம்: இன்னும் எழுதல.

மசூது: எதுக்கு இங்கனயே பாக்கீரு, எம் மூஞ்சியவே?

வல்லிநாயகம்: ரோட்டச் சொல்லுங்க அண்ணாச்சி.

மசூது: குத்தாலம் வந்தாச்சி. கூட்டம். சீசன்லா... ரைட்ல எண்ண தேச்சிட்டு ஒரு தடியன் கௌபீனத்தோட நடந்து போறான். ரைட்ல கொரங்கு. எதுக்க ரெண்டு காரு. ஹாரன் அடிக்கேன்... கூட்டம் வெலகுது. இங்கனதான் எப்பவும் பயம் எனக்கு.

வல்லிநாயகம்: எதுக்கு?

மசூது: ஆளு மேல ஆளு. யாரு எங்கேருந்து வருவாம்னே... சரி, தாண்டியாச்சி. அல்லா காப்பாத்துனான். இது ஐந்தருவி ரோடு. ஏத்தம். ரெண்டாவது கியரு. ரைட்ல பாறை. எதுக்க ஆளில்ல...

வல்லிநாயகம்: லெப்ட்ல?

மசூது: லெப்ட்ல ஆளில்ல.

வல்லிநாயகம்: அண்ணாச்சி, நல்லாப் பாருங்க.

மசூது: ஆளில்லன்னு சொல்லுதேன்லா...

வல்லிநாயகம்: இருக்கு அண்ணாச்சி, பொம்பள ஆளு... பிரேக்கு, பிரேக்கப் போடுங்க.

மசூது: யா அல்லா...

மூக்கம்மாள்: பாவி மட்டைகளா... போச்சே, கூடை போச்சே... பழமெல்லாம் உருண்டு போவுதே.

வல்லிநாயகம்: யக்கா, அடி கிடி பட்டுச்சா? மேல பட்டுச்சா?

மூக்கம்மாள்: படல. கூடையக் கீழ போட்டுட்டுக் குழிக்குள்ள குதிச்சேன், அதனால படல. ஒரு சாண் தம்பி, ஒரே ஒரு சாண். எவன் அவன் ஓட்டுதவன்? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு அவனுக்கு? செவப்புச் சேல கட்டிட்டு ஓரமா வாரேன்... ஏ, மசூது அண்ணாச்சியா?

மசூது: மூக்கம்மா...

மூக்கம்மாள்: நீங்களா அண்ணாச்சி? மத்த வண்டின்னா சத்தம் கேட்ட ஒடனே எறங்கி நிப்பேன். நம்ம மசூது அண்ணாச்சி வண்டில்லா, வெலகிப் போயிரும்னு நம்பித்தான் நடந்தேன்.

மசூது: தாயி, மன்னிச்சிரு. சறுக்கிட்டு... ரோடு சறுக்கிட்டு.

மூக்கம்மாள்: சரி, போங்க. நாலு பலாப்பழம் போச்சி, உசுரு போகல. பாத்துப் போங்க அண்ணாச்சி. ஒங்கள நம்பித்தான் எம் புள்ளைய தெனம் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திவிடுதேன்.

வல்லிநாயகம்: போயிட்டா. எஞ்சின அமத்துங்க அண்ணாச்சி.

மசூது: அமத்திட்டேன்.

வல்லிநாயகம்: தண்ணி குடிங்க. இந்தாங்க... இங்கன இருக்கு. இங்கன அண்ணாச்சி, இடது பக்கம்.

மசூது: ஆங்... கெடச்சிட்டு.

வல்லிநாயகம்: எத்தன நாளாச்சி?

மசூது: என்னது?

வல்லிநாயகம்: அண்ணாச்சி.

மசூது: ...ரெண்டு வருசம்.

வல்லிநாயகம்: முழுசாவா?

மசூது: ஒரு நோம்பு மாசம். காலைல எந்திரிச்சேன், இந்தப் பக்கம் பனி அடிச்ச மாதிரி இருந்திச்சி. நாலே மாசத்துல இருட்டிட்டு. நரம்பு செத்துப் போச்சாம், டாக்டரு சொன்னாரு. பூ விழல, சிவக்கல. பாக்கதுக்கு நல்ல கண்ணு மாதிரியே இருக்கும். அதுதான் வசதியாப் போச்சி.

வல்லிநாயகம்: வீட்டுல தெரியுமா?

மசூது: ஹைருனுக்கே தெரியாது. டம்ளர்ல தண்ணி ஊத்துனா வெளிய ஊத்திருதேன். வயசாயிட்டுங்கா அவ. பலவேசத்துக்கு மட்டும் தெரியும். ஒரு நாளு அவனாவே கேட்டான், என்னால மறைக்க முடியல. அன்னையிலேருந்து அவன்தான் எனக்கு லெப்ட் கண்ணு.

வல்லிநாயகம்: அம்பது பேர வச்சிக்கிட்டு ஓட்டுதீங்க.

மசூது: தெரியும் வே. எனக்குத் தெரியாதா? வண்டியில ஏறும்போதே ஓத ஆரம்பிப்பேன். எறங்குத வரைக்கும் ஓதிக்கிட்டேதான் ஓட்டுவேன். ரெண்டு வருசமா நான் நெஞ்சு நெறய மூச்சு விட்டதில்ல.

வல்லிநாயகம்: அப்ப ஏன் அண்ணாச்சி?

மசூது: வேற என்ன செய்வேன்? எங்க வீட்டுல எல்லாரும் தறி. நான் ஒருத்தன்தான் தறியில உக்கார மாட்டேன்னு வெளிய வந்தவன். இப்பத் தறிக்கும் போவ முடியாது. இழ அறுந்தா முடிச்சுப் போடதுக்குக் கண்ணு வேணும்லா. நானும் வாளியத் தூக்கிட்டு கடற்கரை பின்னால போவணும். எம் முன்னால எம் மகன் வயசுப் பய வண்டிய எடுத்திட்டுப் போவான், நான் சக்கரத்தக் கழுவிட்டு நிக்கணும். தம்பி, ஒம்மகிட்ட ஒண்ணு கேக்கேன். ஓட்டலாம்னு எழுதிரும்.

வல்லிநாயகம்: இப்பந்தான மூக்கம்மாக்கா...

மசூது: இன்னைக்கு பலவேசம் இல்லாததால வந்தது அது. அவன் இருந்தா ஒண்ணும் ஆகாது. ரெண்டு வருசத்துல ஒரு ஆளு மேல கூட வண்டி பட்டதில்ல. ஒரு கோழிக்குஞ்சு மேல பட்டதில்ல.

வல்லிநாயகம்: மொதல்ல வண்டியத் திருப்புங்க. ஷெட்டுக்குப் போவம்.

மசூது: நானா?

வல்லிநாயகம்: என்னால இந்தக் கைய வச்சி கியரு போட முடியாது. மெதுவாப் போங்க. லெப்ட் நான் சொல்லுதேன்.

மசூது: ...சொல்லுதீரா?

வல்லிநாயகம்: லெப்ட்ல பாறை. ரெண்டடி. ரைட்ல ஒடிங்க... போதும். இப்ப ஆளில்ல. போங்க.

மசூது: பலவேசம் மாதிரியே சொல்லுதீரு.

வல்லிநாயகம்: குத்தாலம் கூட்டம். லெப்ட்ல ஒரு கெழவர், கம்பு ஊனி நிக்காரு. நிக்கட்டும். போங்க.

மசூது: கையெல்லாம் நடுங்குது வே. கடற்கரைக்கு நடுங்குனதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வல்லிநாயகம்: கூட்டம் முடிஞ்சிட்டு. லெப்ட்ல வயல். ஆளில்ல.

மசூது: ரைட்ல... ஆமா வே. வாகமரம். வேரு மேல தெரிய மல்லாந்து கெடக்கு. போம்போது இது எனக்குத் தெரியவே இல்லியே.

வல்லிநாயகம்: நேரா பாத்து ஓட்டுங்க.

மசூது: ஒரு விசயம் சொல்லுதேன், நம்பும். தெனமும் ஷெட்டுல வண்டிய விட்டதும், எல்லாரும் போன பொறவு, இடது பக்கம் பூரா கையால தடவிப் பாப்பேன். பெயிண்டுல கீறல் இருக்கா, நெளிஞ்சிருக்கா, ஈரமா எதுவும் ஒட்டியிருக்கான்னு. தடவிட்டு வெளிச்சத்துல உள்ளங்கையப் பாப்பேன். வெறும் தூசியாத்தான் இருக்கும். அல்ஹம்துலில்லான்னு சொல்லிட்டு அப்பறந்தான் வீட்டுக்குப் போவேன்.

வல்லிநாயகம்: தெனமுமா?

மசூது: ரெண்டு வருசமா, ஒரு நாள் தவறாம. ஒரே ஒரு நாளு தூசி கூட இல்ல. பலவேசம் வண்டிய இடது பக்கம் மட்டும் கழுவித் தொடச்சி வச்சிருந்தான். அந்தப் பயலுக்கு என்ன அக்கறன்னு நெனச்சேன்.

வல்லிநாயகம்: என்னைக்கு அண்ணாச்சி?

மசூது: போன வாரம். செவ்வாக்கிழம. சீசன் கூட்டம்லா அன்னைக்கு, நிக்க எடமில்ல. பாவம், டிக்கெட்டு கிழிச்சே பின்னால ஓஞ்சி போயிட்டான். அப்பறமும் வண்டியத் தொடச்சிருக்கான்.

வல்லிநாயகம்: ...

மசூது: என்ன, லெப்ட் சொல்லல? வளைவு வருதுல்லா?

வல்லிநாயகம்: வருது. மெதுவா.

மசூது: நான் ஒரு வார்த்த சொல்லுதேன், கேட்டுக்கிடும். ஒரு ஆளு... ஒரே ஒரு ஆளு மேல எம் வண்டி பட்டிருக்குன்னு நீரு காட்டும். அந்த எடத்துலயே ஸ்டீரிங்க விட்டு எறங்கிருதேன். அப்பறம் ஆயுசுக்கும் தொட மாட்டேன். அல்லா மேல ஆணையாச் சொல்லுதேன்.

வல்லிநாயகம்: எதுக்கு ஆணையெல்லாம்...

மசூது: நான் நம்பித்தான் சொல்லுதேன். நீரு இப்ப லெப்ட்டச் சொல்லும். என்ன தெரியுது?

வல்லிநாயகம்: வாய்க்கா.

மசூது: சரி.

வல்லிநாயகம்: தண்ணி நெறயப் போவுது. கைப்புடிச் சொவர் இல்ல. கரையில புல்லு சாஞ்சிருக்கு.

மசூது: ஆளு இருக்கா?

வல்லிநாயகம்: நிறுத்துங்க அண்ணாச்சி.

மசூது: ஏன், ஆளா? யாரும் குறுக்க வாரானா?

வல்லிநாயகம்: நிறுத்துங்க. கை பிரேக்கப் போடுங்க.

மசூது: போட்டாச்சி. நின்னுட்டு. யாரு வே? எனக்கு ஒண்ணும் தெரியல... யாரு இருக்கா அங்கன?

வல்லிநாயகம்: இப்ப யாரும் இல்ல. போன செவ்வாக்கிழம ஒரு சைக்கிளு இருந்திச்சி. ஒங்க வண்டி ஒரசிட்டு நிக்காமப் போயிட்டு. பாத்துட்டுப் போனீங்களா, பாக்காமப் போனீங்களான்னு தெரியாம ஒரு வாரமா நான் ஒறங்கல. கெணத்துப்படியில வழுக்கல அண்ணாச்சி. இந்த வாய்க்காலுக்குள்ளதான் கெடந்தேன்.